பெற்றோல் இல்லாத வருஷத்தில்

பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசை நின்ற வருஷத்தில்
நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.
விலை குறைவு. எதுவுமே ஓடாத ஊரில்
ஓடாத காருக்கு யார் போட்டிக்கு வருவார்?
நுகேகொடையில் ஒரு மாமரத்தின் கீழே
பதினொரு மாரி நனைந்து கிடந்தது
ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், அறுபத்தெட்டாம் ஆண்டு.
ஆசனத்துக்குள் எலிக்குடும்பம்.
தரையில் ஓட்டை; அதன் வழியே
ஒரு சிரட்டை தெரிந்தது.

இழுத்துவர லொறிக்காரன் வாங்கிய காசில்
பாதி டீசலுக்கு, பாதி அவன் சிரிப்புக்கு.
வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாற்றின் அடியில்
பதினேழாம் இலக்கத் தரிப்பிடம்.
காவலாளி பதிவேட்டில் எழுதினார்:
‘இரும்பு, ஒன்று.’

நேசகுமார் ஒரு வார்த்தை பேசவில்லை.
இருபத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்து
மற்றவர்களின் வாகனக் கடனுக்குக்
கையெழுத்து வைத்தவள் நான் என்று
அவருக்குத் தெரியும்.
மேலே போய்,
கறன்ட் வெட்டுக்கு வைத்திருந்த ரோர்ச்சை
எடுத்துக்கொண்டு வந்தார்.

எதிரி யாரென்று முதல் மாதமே தெரிந்துவிட்டது.
கடல்.
இருநூறு யார் தூரத்தில் படுத்துக்கிடந்து
இரவில் எழுந்து வந்து நக்கிவிட்டுப் போகும்.
சனிக்கிழமை உரசி வெளுக்கவைத்த தகட்டில்
செவ்வாய்க்கிழமை மஞ்சள் பூத்திருக்கும்.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
ஜாக் நடுங்கும்,
கழற்றி வரிசையாய் வைத்த நற்றுகள்
வரிசை மாறும்.
இன்றைக்கும் ஒரு நற் மிச்சம்.
எதனுடையது என்று கேட்காதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் நவ்பர் நானா
காபரேற்றரைக் கையில் வாங்கி
குழந்தையின் காதுக்குள் பார்ப்பதுபோல் பார்த்தார்.
‘இது சோடியாய் வாறது பிள்ளை. மற்றது எங்க?’
மற்றது நான்கு மாதம் கழித்துக் கிடைத்தது,
கம்பளையில் யாரோ வீட்டு அலுமாரியின் மேல்,
பிளாஸ்ரிக் ரோசாவுக்குச் சாடியாக.

சுனிமல் பாஸ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தரையைத் தட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்:
‘நோனா, இதில் கார் கொஞ்சம்தான் இருக்கிறது.’
இருந்த கொஞ்சத்தைச் சுற்றி
மிச்சத்தை அவர் கட்டினார்,
கறன்ட் வருகிற மணித்தியாலங்களில் மட்டும்.

கடைசியாக நம்பர் பலகை.
கறுப்பில் வெள்ளை. இலக்கங்கள் தப்பிவிட்டன.
நடுவிலிருந்த சிங்கள ஸ்ரீயை
துரு தின்றிருந்தது.
ஐம்பத்தெட்டில் அப்பா
தார் வாளியும் தும்புத் தூரிகையுமாய்
யாழ்ப்பாணத்தில் பஸ் பஸ்ஸாய் மறித்து
அந்த எழுத்தைத்தான் அழித்தார்.
பதினாறு நாள் மறியல்.
அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் சைக்கிள்;
சைக்கிளுக்கு நம்பர் இல்லை என்பார்.

இரண்டாம் இலக்கத் தூரிகை, வெள்ளைப் பெயின்ற்,
முழங்காலில் நான்.
முதல் வளைவில் கை நின்றது.
ரயில் போகட்டும் என்றேன்.
போனது.
ரோர்ச் பிடித்திருந்தவர் கையை மாற்றிக்கொண்டார்.
அடுத்த ரயிலும் போனது.
எழுதினேன். கொஞ்சம் சரிவாய்த்தான் வந்தது.

முதல் ஓட்டம், ஞாயிறு காலை ஆறு மணி,
வாரப் பங்கீட்டில் மிஞ்சிய ஆறு லீற்றர்,
மரைன் டிரைவில்
கடலை இடப்பக்கம் வைத்து, அதன் முகத்துக்கு நேரே.
பம்பலப்பிட்டி ஸ்டேஷனடியில் நின்றுவிட்டது.
நேசகுமார் இறங்கித் தள்ளினார்.
உடற்பயிற்சிக்கு ஓடிவந்த இருவர் தள்ளினார்கள்.
பொலிஸ்காரர் ஒருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு.
தள்ளிக்கொண்டே பலகையைப் பார்த்து
எழுத்து வடிவாயிருக்கு என்றார்.
நன்றி சொல்வதற்குள்
என்ஜின் இருமியது. பிடித்தது.
நிறுத்தினால் அணைந்துவிடுமென்ற பயத்தில்
கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்த்தான்
கணவருக்காகத் திரும்பினேன்.

மதகுக் கல்லில் குந்தியிருந்தார்.
ஏறமுன்னர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
நடு றோட்டில் கிடந்ததாம்,
எண்ணெய் காயாத
இன்னொரு நற்.